சோழவந்தான் மாமா வைத்த சேனை

எங்கள் பக்கத்தில் ஒருவன் வம்பை விலைக்கு வாங்கினாலும் சரி, பரீட்சையில் கோட்டை விட்டாலும் சரி, பெற்றவர்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "இவனுக்கு எவன் சேனை வச்சான்?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளை பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலால் தொட்டு அதன் நாக்கில் முதல் சொட்டாக வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் அப்படியே பிள்ளைக்கு இறங்கும் என்பது கணக்கு. பத்து மாதம் சுமந்தவள் கொடுப்பது உடம்பு மட்டும்தான். குணம் வேறு யாரோ ஒருவரின் விரல் நுனியில் வந்து சேரும்.

என் மூத்த மகள் பிறந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். என் கணவர் அப்போது கப்பலூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். தலைப்பிரசவத்துக்கு நான் வில்லாபுரத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். வளைகாப்பு முடிந்து வளையல் சத்தம் அடங்குவதற்குள் சேனைக்கு ஆள் தேடும் படலம் தொடங்கிவிட்டது. முதலில் என் அப்பா பெயர் அடிபட்டது. அவர் நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். "வேணாம், பிள்ள ஊமையாப் போயிரும்" என்று அம்மாவே அவரைக் கழித்துவிட்டாள். அப்பா அதற்கும் ஒன்றும் பேசவில்லை.

கடைசியில் வென்றது என் மாமியாரின் தம்பி. ஏதோ ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். சலவைச் சட்டை, பீடி சிகரெட் கிடையாது, காப்பி கூடக் கிடையாது. எல்லாவற்றையும்விட மாமியார் பெருமையாகச் சொன்னது வேறொன்று. "அடுத்த வீட்ல எந்தம்பி கை நனைக்க மாட்டான். அவன் பொறந்து வளந்து இந்நாள் வரைக்கும் ஒருத்தன் வீட்டுப் பச்சத்தண்ணி குடிச்சதில்ல." உண்மைதான். கல்யாண வீட்டுக்கு வருவார், மொய் எழுதுவார், போட்டோவுக்கு நிற்பார், தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். ஆஸ்பத்திரிக்கும் அப்படியே வந்தார். என் மகள் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தார், கையைக் கழுவினார், அப்பா வாங்கி வந்த கலர் சோடாவைத் தொடாமல் கிளம்பிவிட்டார். "பாத்தியா, எம்புட்டுக் கட்டுப்பாடு" என்றார் மாமியார். அந்தக் கலரை நான் குடித்திருப்பேன். பிரசவித்தவளுக்குக் கலர் ஆகாது என்று அதையும் நர்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்ததும்தான் வினை. பிள்ளை பால் குடிக்கவில்லை.

வாயில் வைத்தால் நாலு இழுப்பு இழுப்பாள், அல்லது இழுக்கிற மாதிரி பாவனை செய்வாள், பிறகு தூங்கிவிடுவாள். தட்டினால் கண்ணைத் திறந்து என்னை ஒரு பார்வை பார்ப்பாள், மறுபடி தூங்குவாள். எனக்கோ மார்பு இரண்டும் கல்லாகக் கட்டிக்கொண்டு, ஜாக்கெட் துணி பட்டாலே உயிர் போயிற்று. காம்பு வெடித்திருந்தது. வைத்தியம் சொல்ல வந்தவர்களுக்கு மட்டும் குறைவில்லை. மாமியாரும் வந்து எங்களோடு தங்கிவிட்டார்.

ஆரம்பத்திலேயே ஒரு கூத்து நடந்தது. முதலில் சுரந்த மஞ்சள் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது, கெட்டபால், செரிக்காது என்று பீய்ச்சி எடுத்துக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினார்கள். அதே வாரம் பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டிருந்தது. அவர்கள் ஒரு செம்பு சீம்பால் கொடுத்தனுப்பினார்கள். என் பாலைக் கொட்டிய அதே கையால் அம்மா அதில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து, துண்டு துண்டாக அறுத்து, தெருவுக்கே கொடுத்தாள். "சீம்பால்ல இருக்குற சத்து வேற எதுலயும் கெடையாது" என்று மாமியார் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே சொன்னார். எனக்குக் கொடுக்கவில்லை. எனக்குப் பத்தியம்.

பத்தியம் என்றால் மிளகுக் குழம்பு, சுட்ட பூண்டு, கருவாடு. தண்ணீர் மட்டும் கேட்கக் கூடாது. தாய் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி கட்டும் என்றார்கள். சித்திரை வெயிலில், மதுரையில், ஓட்டுக்கூரைக்குக் கீழே நாக்கு வறண்டு கிடந்தவளிடம் வந்து, "ஏன்டி ஒனக்குப் பால் ஊறல?" என்று கேட்டார்கள். ஊறியது என்று கத்தினேன். கத்தினால் பால் வற்றிவிடும் என்று அதற்கும் ஒரு வைத்தியம் சொன்னார்கள்.

பிள்ளை ஏன் குடிக்கவில்லை என்று எல்லோரும் மோவாயில் கை வைத்து யோசித்தார்கள். யோசித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் அவள் வாயில் எதையாவது ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மூக்கு நீண்ட வெள்ளிப் பாலாடை ஒன்று அடுப்படிக்கும் என் அறைக்கும் ஓயாமல் போய் வந்தது. காலையில் அம்மா சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள், வாய் காயுமே என்று. பிறகு மாமியார் வசம்பும் மாசிக்காயும் உரசிய மருந்து கொடுத்தார், வயிறு ஊதுமே என்று. வயிறு ஊதியதும் சோம்புத் தண்ணீர். தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு ஒருவர் பால் விற்று வந்தார், அதில் ஒரு சங்கு. பார்க்க வந்த ஒவ்வொருத்தியும் "நாக்கு நனைய" ஒரு சொட்டு. இம்புட்டுப் பேர் வீட்டில் பந்தி முடித்துவிட்டு என்னிடம் வந்தவள் எந்த வயிற்றில் குடிப்பாள்? எனக்கே அப்போது அது உறைக்கவில்லை. என் பாலில்தான் ஏதோ கோளாறு என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை.

பிள்ளை நாளுக்கு நாள் சுருங்கினாள். தொடையில் தோல் மடிந்தது. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஏறியது. கொல்லைக் கொடியில் காய வேண்டிய துணிகள் மடித்து வைத்தபடியே இருந்தன, நனைந்தால்தானே துவைப்பதற்கு. அழுகை பூனைக்குட்டி முனகலாகிவிட்டது. அவள் தூங்கும்போதெல்லாம் மூக்குக்கு முன்னால் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குப் பயம். வெறும் பயம். பார்க்க வந்த ஒரு அம்மாள், "பொட்டப்பிள்ளதானே, கொஞ்சமாத் தின்னா பெத்தவனுக்கு நல்லது" என்று சிரித்தாள். எழுந்து நிற்கத் தெம்பிருந்தால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்.

தெருமுனை டாக்டரை அப்பா கூட்டி வந்தார். அந்த வீட்டில் யாரையும் கேட்காமல் அவர் செய்த ஒரே காரியம் அது. டாக்டர் பிள்ளையைத் திருப்பிப் பார்த்தார், துணியைத் தொட்டுப் பார்த்தார். "தாய்ப்பாலத் தவிர வேற ஒண்ணும் கொடுக்காதீங்கம்மா."

"நாங்க என்னத்த சார் கொடுக்குறோம்?" என்றாள் அம்மா. பாலாடை அவள் கையிலேயே இருந்தது.

"தாய்க்கு நெறையத் தண்ணி கொடுங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்போம். இப்படியே இருந்தா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க. குளுக்கோஸ் ஏத்த வேண்டியிருக்கும். நாள் கடத்தாதீங்க."

அவர் தெருவைத் தாண்டுவதற்குள், "இவரு எத்தன பிள்ள பெத்தாரு?" என்று மாமியார் கேட்டுவிட்டார். அத்தோடு டாக்டர் சொன்னது முடிந்தது. அந்த இத்துனூண்டு கையில் ஊசி குத்துவார்கள் என்ற நினைப்பு மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

அன்று மாலை அறையில் மாநாடு கூடியது. பக்கத்து வீட்டு அக்கா, அதாவது சீம்பால் கொடுத்த பசுவின் சொந்தக்காரி, வெற்றிலையை மடித்து வாயில் அதக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அது சரி, பிள்ளைக்குச் சேனை வச்சது யாரு?"

 என் அம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், என் கல்யாணத்தன்று கூட அப்படி வரவில்லை.

"அதான பாத்தேன்! அடுத்த வீட்ல பச்சத்தண்ணி குடிக்காத மனுசன்ல வச்சாரு! அவரு கொணம் எறங்குனா பிள்ள எப்படிப் பாலு குடிக்கும்?"

மாமியார் லேசில் விடுகிறவரா? "அடுத்த வீட்லதான மதினி குடிக்க மாட்டான்? அவன் வீட்ல மூணு வேளையும் நல்லாத்தான் திங்கிறான். பிள்ளைய எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா தன்னால குடிக்கும். இது அதுக்கு அடுத்த வீடாச்சே."

இரண்டு பேரும் பிள்ளையின் சொந்த வீடு எது என்று சண்டை போட்டார்கள். பிள்ளை நடுவில் தூங்கினாள். பக்கத்து வீட்டு அக்காதான் பஞ்சாயத்து பண்ணினாள். வைத்த சேனையை எடுக்க முடியாது. ஆனால் அதன்மேல் இன்னொரு சேனை வைக்கலாம். முதல் ஆள் சாப்பிடாத ஆள் என்றால், இரண்டாவது நல்லாச் சாப்பிடுகிற ஆளாக இருக்க வேண்டும். அம்புட்டுத்தான்.

"நல்லாச் சாப்பிடுற ஆளு" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் ஒரே முகம் ஞாபகம் வந்தது.

சோழவந்தான் மாமா அம்மாவுக்குப் பெரியப்பா மகன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். பந்தியில் அவர் உட்கார்ந்தால் சமையல்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் இன்னொரு அண்டா உலை வைப்பார். ஒரு காதுகுத்தில் மூன்று பந்தியிலும் உட்கார்ந்தார், மூன்று முறையும் வேறு வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. என் கல்யாணப் பத்திரிகையை அம்மா அவருக்கு முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் தபாலில் போட்டாள். எப்படியோ மோப்பம் பிடித்து மறுநாள் காலை டிபனுக்கே வந்துவிட்டார். அன்று முழுக்க அவரைப் பார்க்காத மாதிரியே அம்மா நடமாடினாள். இப்போது அதே அம்மா சொன்னாள்: "எங்கண்ணன் கையி ராசியான கையி. கூடப் பெறக்கலங்கிற கொறதான்."

பட்டறை முடிந்து இரவு வந்த என் கணவரைச் சோழவந்தானுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. நான் அவரிடம் கெஞ்சினேன். "பிள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவோம்ங்க. சேனையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"சாயங்காலம் வரைக்கும் டாக்டர் டயம் குடுத்துருக்காருல்ல. காலைல மொத பஸ்ஸுல போயி மத்தியானத்துக்குள்ள கூட்டியாந்துர்றேன். அப்பவும் குடிக்கலைன்னா யாரையும் கேக்க மாட்டேன், தூக்கிட்டுப் போயிருவோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கம்மாவும் ஒங்கம்மாவும் ஒரு விசயத்துல ஒத்துப்போறது இதான் மொதத் தடவ. கெடுக்காத புள்ள" என்றார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் மாமா வந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு கவுளி வெற்றிலை, வேட்டியில் வெற்றிலைக் காவி. வாசல்படியில் கால் வைத்ததுமே மூக்கை உறிஞ்சினார். "என்ன தங்கச்சி, கருவாட்டுக் கொழம்பா?"

"வாங்கண்ணே. மொதல்ல பிள்ளைக்கு வச்சுட்டு வாங்க. அப்பறம் சாப்பிடலாம்." பஸ்ஸில் வந்த மனிதர் முகம் வாடிவிட்டது.

வெள்ளிக் கிண்ணத்தில் மலைத்தேனும் கற்கண்டுத் தண்ணீரும் கலந்து மாமியார் கொடுத்தார். நான் சுவரோரம் பாயில் படுத்திருந்தேன், பிள்ளை எனக்கும் அறை நடுவுக்கும் இடையில். மாமா மண்டி போட்டுக் குனிந்தார். அவருடைய முதுகு எங்கள் வீட்டுக் கதவு அகலம். பின்னால் நின்றவர்களுக்கு அந்த முதுகைத் தவிர வேறொன்றும் தெரிந்திருக்காது. என் பக்கமிருந்து எல்லாம் தெரிந்தது.

விரலைத் தேனில் முக்கினார். பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு தூங்கினாள். இரண்டு முறை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போனார், திறக்கவில்லை. விரலில் தேன் வழிந்தது. சொட்டப் போனது. மனிதருக்குப் பொறுக்கவில்லை. டக்கென்று விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடி ஒரு சப்பு. பிறகு கிண்ணத்தையே தூக்கி ஒரே மடக்கு.

கண்ணைத் திறந்தபோது நான் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். வெல்லப் பானைக்குள் கை விட்டு மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம். நான் கத்தியிருக்கலாம். கத்த எனக்குத் தெம்பில்லை. இன்னொருவர் கையும் என் பிள்ளை வாய்க்குள் போகவில்லை என்பதில் ஒரு சின்ன நிம்மதி கூட.

அவர் எழுந்து காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"அம்புட்டையுமா குடிச்சுட்டா?" என்றார் மாமியார் வாயைப் பிளந்து.

"அம்புட்டும்" என்றார் மாமா. பயத்தில் குரல் தானாக உயர்ந்தது. "ஆனா ஒண்ணு. இப்ப வேற எதயாச்சும் ஊத்துனா சேனை கலங்கிரும். நான் சாப்புட்டுக் கை கழுவுற வரைக்கும் ஒருத்தரும் பிள்ள வாயில எதயும் வைக்கப்படாது. பெத்தவளத் தவிர ஒருத்தரும் பிள்ளைகிட்ட நிக்கவும் படாது. எல்லாரும் வெளிய வந்துருங்க. எல போடுங்க."

திருட்டை மறைக்கவும் சாப்பாட்டைத் துரிதப்படுத்தவும் நின்ற இடத்தில் கட்டிய சாஸ்திரம் அது. டாக்டர் படித்துவிட்டு வந்து சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளாத வீடு, இதைத் தலைமேல் வைத்துக் கூத்தாடியது. மாமியார் பாலாடையைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டார். பார்க்க வந்த இரண்டு பெண்களை வாசலிலேயே மறித்து, "சேனை எறங்கிக்கிட்டு இருக்கு. உள்ள போகாத, வந்து வெங்காயத்த உரி" என்று அடுப்படிக்குத் தள்ளிவிட்டார்.

மாமா சாப்பிட உட்கார்ந்தார். வடித்திருந்த சோறு முதல் சுற்றிலேயே முடிந்தது. அம்மா மறுபடி உலை வைத்தாள். என் கணவர் கறி வாங்க ஓடினார். மாமியார் அம்மியில் மசாலா அரைத்தார். பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுச் சோற்றுப் பானையோடு வந்தாள். அப்பாவுக்கு விசிறுகிற வேலை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து முதல்முறையாக அந்த அறையில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். தலைமாட்டில் கை கழுவ வைத்திருந்த செம்புத் தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தேன். இன்றைக்கும் அந்த ருசி எனக்கு நினைவிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் பிள்ளை நெளிந்தாள். வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி எதையோ தேடினாள். பாலாடை வரவில்லை. வரவேண்டியது வராத கோபத்தில் ஓர் அழுகை அழுதாள் பாருங்கள், முனகல் இல்லை, அழுகை. என் மகளுக்கு இம்புட்டுக் குரல் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தச் சத்தத்துக்கே என் இரண்டு பக்கமும் பால் வழிந்து ஜாக்கெட் நனைந்தது.

அள்ளி எடுத்து வைத்தேன். வழுக்கினாள், மறுபடி வைத்தேன், மறுபடி வழுக்கினாள். மூன்றாவது முறை வாயை அகலத் திறந்தபோது இழுத்து அணைத்துக்கொண்டேன். பிடித்துவிட்டாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை வலி. பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு கேட்டது, முழுங்குகிற சத்தம். ஒரு முழுங்கல், ஒரு மூச்சு, ஒரு முழுங்கல். கூடத்திலிருந்து "இன்னும் ரெண்டு அகப்ப போடு தங்கச்சி" என்று கேட்டது. அங்கே ஒருவர் விழுங்க, இங்கே ஒருத்தி விழுங்க, நான் நடுவில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம்தான். வேறென்ன?

இரண்டு பக்கமும் குடித்து முடித்து அவள் அயர்ந்தபோது மாமா இரண்டாவது உலையில் பாதியில் இருந்தார். சிறிது நேரம் கழித்து என் மடியில் சூடாக ஏதோ பரவியது. சேலை நனைந்து பாய் வரைக்கும் வந்துவிட்டது.

"நனைச்சுட்டா!" என்று கத்தினேன். "அம்மா, நனைச்சுட்டா!"

எல்லோரும் அகப்பையும் கையுமாக ஓடி வந்தார்கள். ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மாமியார் கண்ணில் தண்ணீர். "சேனை எறங்கிருச்சு! அண்ணே, சாமி மாதிரி வந்தீங்க." மாமா எச்சில் கையோடு வாசலில் நின்றார். அத்தனை பேரிலும் அதிகமாக ஆச்சரியப்பட்டவர் அவர்தான்.

அம்மா அலமாரியைத் திறந்து பாலாடையை எடுத்தாள். "அண்ணன் சாப்பாடு முடியப் போகுதுல்ல. பிள்ள களச்சுருக்கும், நாக்கு நனைய ரெண்டு சொட்டு..."

எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கியது அந்தப் பாலாடையைப் பார்த்த கணத்தில்தான். நான் மாமாவை நேராகப் பார்த்தேன்.

"ஏன் மாமா, நீங்க கை கழுவுற வரைக்கும்தான் வைக்கக் கூடாதா? நல்லா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. நீங்க சேனை வச்சத நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேதான இருந்தேன்."

மாமா என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். சோற்றுப் பருக்கை ஒட்டிய உதட்டை நாக்கால் துடைத்தார். சாப்பாட்டு விஷயத்தில் மந்தமானவர் இல்லை அவர்.

"மறந்துட்டேன் மருமகளே. பெத்தவ பாலத் தவிர ஒண்ணும் வைக்கப்படாது, பிள்ளைக்குச் சோறு ஊட்டுற நாள் வரைக்கும். தண்ணி கூடப் படாது." ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சோறு ஊட்டுறன்னைக்கு என்னய மறந்துராதீக. நான் வந்துதான் சேனைய முடிச்சு வைக்கணும்" என்றார். அம்மா பாலாடையைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

சாயங்காலம் டாக்டர் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதக் கேட்டீங்களே, அதுவே போதும்" என்று சந்தோஷமாகப் போனார்.  மாமா பெயரைச் சொல்லியே மாதக்கணக்கில் ஒருத்தரையும் என் மகளிடம் அண்டவிடவில்லை. துணிக்கொடி நிறைந்து வழிந்தது. மஞ்சள் தெளிந்து தொடையில் சதை வைத்தாள். என் மாமியாரின் தம்பி விஷயம் கேள்விப்பட்டு, அதன் பிறகு எங்கள் தெருவுக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். பேரிழப்பு ஒன்றுமில்லை, அவர் வந்தாலும் எதையும் சாப்பிடப் போவதில்லை.

திருப்பரங்குன்றத்தில் சோறு ஊட்டினோம். பத்திரிகை கூட அடிக்கவில்லை. ஆனால் சோழவந்தானுக்கு அம்மாவே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். முதல் பந்தியில் முதல் இலை மாமாவுக்கு. என் மகள் அவர் மடியில் உட்கார்ந்து அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். "அப்படியே எங்கண்ணன் வாகு. பாரு, எலய என்னமா எட்டிப் பாக்குறா" என்று அம்மா ஊரெல்லாம் கேட்கச் சொன்னாள். மாமியாரும் ஆமாம் போட்டார்.

பாயச வாளியோடு நான் குனிந்தபோது மாமா மெல்லக் கேட்டார். "மருமகளே, யார்ட்டயும் சொல்லிரலயே?"

"என்னத்தச் சொல்ல? நீங்க குடிங்க மாமா" என்று இலை ததும்ப ஊற்றினேன். இரண்டாம் பந்தியில் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அங்கேயும் போய் ஊற்றினேன். மூன்றாம் பந்தியில் கேட்காமலே ஊற்றினேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, வாளியவே கவுத்துருவ போல" என்றாள். கவிழ்த்தால்தான் என்ன? அந்த வீட்டுக்கு வந்து போன அத்தனை பேரிலும் என் பிள்ளை வாயில் ஒன்றும் வைக்காத ஒரே ஆள் அவர்தானே.